தறி நின்ற சனிக்கிழமைகள்

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். போயிருந்த கரண்ட் திரும்பி வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் வந்ததை யாரும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. வடக்கு முனையிலிருந்து விசைத்தறிகள் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சுவரெல்லாம் அதிரும். அன்றும் அப்படித்தான். உள்ளறையில் என் மகள் மாதிரித் தேர்வு எழுத அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். நான் வாசல் அறையில் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டது அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு நல்ல யோசனையாகவே தோன்றியது.

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே நாலு தறி. வீட்டுக்கார அண்ணாச்சி ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நான் பேசுவது அவருக்கு எட்டவில்லை. கையை ஆட்டினேன். அவர் பதறிப்போய்த் தறியை நிறுத்தினார்.

"என்ன டீச்சர், வீட்டுல கரண்ட் கிரண்ட் அடிச்சிட்டோ?"

"இல்லண்ணாச்சி. பிள்ள டெஸ்ட் எழுதுதா. அஞ்சு இருவது வரைக்கும் கொஞ்சம் நிப்பாட்டுனா நல்லாருக்கும்."

அவருடைய மனைவி மூலையில் தார் சுற்றும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் நூல் சுற்றுகிற மிஷின் அது. தலையைத் தூக்காமலே கேட்டாள். "சனிக்கிழமையும் அதுவுமா தறிய நிப்பாட்டவா?"

"நம்ம பிள்ளைக்குத்தான மதினி."

"சரி விடு," என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு நமக்கு ஊசி போடப்போற பிள்ள. இப்ப வம்பு பண்ணுனா பெரிய ஊசியாப் பாத்துக் குத்திரும்."

மதினி சிரிக்கவில்லை. நாலு தறியும் நின்ற பிறகும் அவள் மிஷின் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. "இது ஓடட்டும் டீச்சர். எல்லாத்தையும் நிப்பாட்டப்படாது," என்றாள். அந்தச் சின்னச் சத்தம் பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

என் மகளுக்கு அது இரண்டாவது முறை நீட். ப்ளஸ் டூ முடித்த வருடம் எழுதியதில் இடம் கிடைக்கிற மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் படித்தால் வாங்கிவிடலாம் என்று அவளுடைய ஆசிரியர்கள் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். அவளும் தலையாட்டினாள். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி கோச்சிங் போவதாகத்தான் பேச்சு. அதற்குள் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். அவர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை. விடியும் முன்னால் எழுந்து போகிறவர். அப்பாவை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவர் மதியத் தூக்கம் போட்டால்கூட ஒருதரம் கதவருகே வந்து நின்று மூச்சைப் பார்த்துவிட்டுப் போவாள். ஆகவே வீட்டிலேயே ஆன்லைனில் படிப்பு. நான் குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கால அட்டவணை போட்டது நான். சனிக்கிழமைதோறும், நிஜப் பரீட்சை நடக்கிற அதே நேரத்தில், இரண்டு மணி முதல் ஐந்து இருபது வரை மாதிரித் தேர்வு. இடையில் எழக்கூடாது, பேசக்கூடாது. தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கக்கூடாது. எல்லாம் அங்கே உள்ளபடியே இங்கேயும்.

அடுத்த சனிக்கிழமை நான் கேட்காமலே அண்ணாச்சி தறியை நிறுத்தினார். அது மட்டுமல்ல, எதிர்வீட்டுக்கும் சொன்னார். எதிர்வீட்டார் அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள், சனிக்கிழமை இரண்டு மணியானால் எங்கள் தெருவில் வரிசையாகத் தறிகள் நின்றன. கூலிக்கு நெய்கிறவர்களுக்கு அது எவ்வளவு நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெருவில் இதுவரை ஒரு டாக்டர் கிடையாது. குறுக்கே ஓடும் பிள்ளைகளைப் பெண்கள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார்கள். "ஏலே, டாக்டரு அக்கா எழுதுதா, சத்தம் போடாத" என்று அதட்டுகிற குரல்தான் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் தறிகள் மொத்தமாக நிற்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. தெருவில் ஒரு சாவு விழ வேண்டும். செய்தி போய்ச் சேரச் சேர ஒவ்வொரு வீடாக மெயினை அணைப்பார்கள். பாடை தெருமுனையைத் தாண்டுகிறவரை ஒரு தறியும் ஓடாது. கரண்ட் போவது வேறு. அப்போது சத்தம் ஒரே வெட்டில் அறுந்துவிடும். சாவுக்கு நிற்கிற சத்தம் வீடு வீடாகக் குறையும். கேட்டுப் பழகியவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தெருவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஆனால் அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சத்தம் என்பது இடைஞ்சல். இடைஞ்சலை எடுத்துவிட்டால் விடை சரியாக வரும். அவ்வளவுதான் என் கணக்கு.

என் மகள் மூன்று வயதில் அந்தத் தெருவுக்கு வந்தவள். தறிச் சத்தத்தில் தூங்கினாள், தறிச் சத்தத்தில் வாய்ப்பாடு படித்தாள். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியதும் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான்.

தறி நின்ற முதல் சனிக்கிழமையை விட இரண்டாவதில் அவள் மதிப்பெண் குறைந்தது. மூன்றாவதில் இன்னும் குறைந்தது. விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டேன். "தெரிஞ்ச கேள்விதான இது? எப்படி விட்ட?"

"தெரியலம்மா. வாசிக்கேன், மனசுல நிக்க மாட்டேங்கு."

"சத்தம் எதும் தொந்தரவா இருந்துச்சா?"

"சத்தம் இருந்தா நல்லாருக்கும்மா." கொஞ்சம் சிரித்தாள். "யாரும் சாகாம தறி நிக்கது ஒரு மாதிரியா இருக்கு."

"பரீட்சை ஹால்ல தறி ஓடுமா?" என்று கேட்டேன்.

கணக்குப்படி நான் சொன்னது சரி. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு அப்பாவுக்கு மாத்திரை எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு, இன்னும் எங்கே சத்தம் மிச்சமிருக்கிறது என்று தேடினேன். மின்விசிறி கிரீச்சிட்டது, அணைத்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுக்களையில் வைத்தேன். அப்படியும் சுவர் வழியாக ஓர் இரைச்சல் வந்தது. மதினியின் தார் மிஷின். ஒரு சனிக்கிழமை போய், அதையும் நிறுத்தச் சொன்னேன்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள். "இது ஒண்ணு ஓடிட்டுப் போட்டும்."

"மூணு மணி நேரம்தான மதினி. வேணும்னா அந்தத் தாருக்குள்ள கூலிய நான் தந்திருதேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். "துட்டுக்குச் சொல்லல டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். தெருவில் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மேற்கே மலையிலிருந்து வருகிற காற்று மட்டும் எங்கள் தகரக் கூரைகளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

தறி நின்ற நேரத்தில் ஆண்கள் எங்கள் வீட்டு நிழலில்தான் வந்து உட்காருவார்கள். வேறு நிழல் கிடையாது. தாழ்ந்த குரலில் பேசுவார்கள். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். அப்படியானால் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப என்ன எழுதுதாளாம்?"

"பயாலஜி."

"அதுல என்னத்தக் கேப்பான்?"

"உன் ஈரல் எங்கன இருக்குன்னு கேப்பான்."

"இருந்தாத்தான எழுதுததுக்கு."

அடக்கிய சிரிப்பு. பிறகு அண்ணாச்சியின் குரல். "பையலே. பிள்ளைக்குக் கேக்கப் போவுது."

ஒருநாள் தேர்வு முடிந்து வெளியே வந்தவள் வாசலில் நின்று, அவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வெளிய உக்காந்திருக்காங்கம்மா," என்றாள்.

"உனக்காகத்தான் உக்காந்திருக்காங்க."

"அதாம்மா சொல்லுதேன்."

பரீட்சைக்குத் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. மே மாத வெயில். கேட்டுக்கு வெளியே பெற்றோர்கள் குடையும் பாட்டிலுமாக நின்றோம். வாசலில் அவள் காதிலிருந்த தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன், பார்க்கவில்லை. என் கணவர் ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். எங்களைச் சுற்றி யாருமே பேசவில்லை.

மாலையில் அவள் வந்ததும் தோட்டைக் கொடுத்தேன். "எப்படிட்டி இருந்துச்சு?" என்று அவள் அப்பா கேட்டார்.

"அமைதியா இருந்துச்சுப்பா," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் உள்ள பனவடலிசத்திரம் தாண்டுகிறவரை தோட்டைக் காதில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். விடைக் குறிப்பு வெளிவந்தபோது சரிபார்க்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். "ரிசல்ட் வரட்டும்மா" என்று சொன்னவளை நான் வற்புறுத்தவில்லை. நல்லதாக இருக்கும் என்பதால் சொல்லாமல் இருக்கிறாள் என்று ஒருபக்கமும், அதற்கு எதிர்ப்பக்கமுமாக மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ரிசல்ட் வந்த நாளில் நான் லீவு போட்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனில் அவளே எண்ணைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். முதல் தடவை வாங்கியதைவிடக் குறைவு. கொஞ்சம் நஞ்சமல்ல. நான் திரும்பத் திரும்பப் பெயரையும் எண்ணையும் சரிபார்த்தேன்; வேறு யாருடையதாவது இருக்கலாம் என்பதுபோல.

"சரிம்மா," என்றாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். நான் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மதினி வாசலில் வந்து எட்டிப் பார்த்து, "ரிசல்ட்டு வந்துட்டா டீச்சர்?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. "சவத்த விடுங்க. பிள்ளய ஒண்ணும் சொல்லிராதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"டீத்தூள் இல்லம்மா. வாங்கிட்டு வாரேன்," என்றாள் என் மகள். போனை சார்ஜில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கடை தெருமுனையில்தான். நான் ரிசல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனியார் கல்லூரி, பாரா மெடிக்கல், வேறு படிப்பு, மறுபடியும் ஒரு வருடம் என்று வழி தேடிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து வந்த என் கணவர் செய்தியைக் கேட்டார். பிறகு சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெளியே வெயில் சாய்ந்து எதிர்வீட்டுச் சுவரில் ஏறிவிட்டதைப் பார்த்தபோதுதான் அவள் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. கடைக்கு ஓடினேன்.

"இங்கன வரலியே டீச்சர்," என்றார் கடைக்காரர்.

அவளுடைய தோழிகள் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். கோவிலுக்குப் போயிருக்கலாம் என்று ஆள் அனுப்பினேன். இல்லை. என் கணவர் எழுந்து சட்டைப் பித்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார். பைக் ரயில்வே லைன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். "ஏலே, மெயின ஆஃப் பண்ணுங்கலே," என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். "ஆளுக்கொரு பக்கமாப் போவோம். நீ மேலநீலிதநல்லூர் ரோட்டுல போ. தோட்டத்துப் பக்கமெல்லாம் பாத்துட்டு வா." தோட்டத்துப் பக்கம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கிணறு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

தறிகள் நின்றன. முதலில் பக்கத்து வீடு. பிறகு எதிர்வீடு. பிறகு அதற்கு அடுத்தது. நான் படியில் உட்கார்ந்து அது குறைந்துகொண்டே போவதைக் கேட்டேன். கரண்ட் போகிறபோது வருகிற மௌனம் அல்ல அது. கடைசித் தறியும் நின்றபோது, சனிக்கிழமைகளில் நான் அந்த உள்ளறைக்குள் என்னத்தைக் கொண்டுபோய் வைத்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. இப்போதும் தெருவில் இரண்டு தறி சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால் நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுகூட அந்தத் தறிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஓடுகின்றனவா என்று.

பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து வாசலில் வரிசையாக நின்றன. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை, கை பழக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏட்டி, யாரும் அழப்படாது," என்று மதினி அதட்டினாள். "பிள்ள கடைக்குப் போயிருக்கா. வருவா. அந்தச் சேர எல்லாம் எடுத்து உள்ள போடு."

யாரும் எடுக்கவில்லை. மதினி எழுந்து தானே இரண்டு நாற்காலியை மடக்கப் பார்த்தாள். அவை மடக்குகிற நாற்காலிகள் அல்ல. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு சட்டென்று அவற்றைக் கீழே போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் போகத் திரும்பினாள். "நான் போயி என் மிஷினையாவது போடுதேன்," என்று யாரிடமோ சொன்னாள். இரண்டு அடி வைத்திருப்பாள். நின்றுவிட்டாள். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

தெருமுனையில் என் மகள் நின்றாள். கையில் ஒரு டீத்தூள் பாக்கெட். பனவடலிசத்திரம் வரை பஸ்ஸில் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டில் டீத்தூள் வாங்கியதாகவும், எங்கேயாவது சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்போல் இருந்தது என்றும் அவள் பிறகுதான் சொன்னாள். அப்போது அவள் தெருமுனையில் அசையாமல் நின்றாள். காதைக் கொடுத்துக் கேட்பது தெரிந்தது. வடக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள். ஒரு தறியும் ஓடவில்லை. பிறகு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள்.

ஓடி வந்தாள். வழியில் ஒரு செருப்பு கழன்றது. நான் எழுந்திருக்கும் முன்னால் வாசலுக்கு வந்துவிட்டாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் தலைக்கு மேலாக, இருட்டாக இருந்த எங்கள் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவின் கட்டில் காலியாகக் கிடந்தது.

"அம்மா," என்றாள். "அப்பாவா?"